சிரமம் போதவில்லை

எங்கள் ஊரில் எல்லோரும் 'பெரிய இடம்' என்று சொல்கிற அந்தப் பல்கலைக்கழகத்தின் அறிமுகப் புத்தகத்தில், முதல் பக்கத்திலேயே பொன்னெழுத்தில் ஒரு வரி உண்டு: 'விண்ணப்பிக்கும் நூறு பேரில் தொண்ணூற்றேழு பேரை நாங்கள் நிராகரிக்கிறோம்.' நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். என்னிடம் வருகிற நூறு பேரில் தொண்ணூற்றேழு பேர் ஓட்டத் தெரியாமல் திரும்பிப் போனால், போகிற போக்கில் என் கார்க் கண்ணாடியை உடைத்துவிட்டுத்தான் போவார்கள். பெரிய இடத்தில் அதையே பளபளவென்று அச்சடித்து வாசலில் கொடுக்கிறார்கள். நாமும் வாங்கிக்கொண்டு, "அப்பேர்ப்பட்ட இடம்!" என்று வாயைப் பிளக்கிறோம். நானும் பிளந்தேன், பொய் சொல்வானேன்.

என் மகளுக்கு அங்கேதான் படிக்க வேண்டும். காரணம் பெருமை இல்லை, பூச்சி. மற்ற பிள்ளைகள் பொம்மைக்கு அழுத வயதில் இவள் செத்துப்போன வண்டுக்கு அழுதாள். பால்கனியில் குளவி கூடு கட்டியபோது என் மனைவி துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வர, இவள் கூட்டுக்கு முன்னால் கையை விரித்து நின்று நன்றாகக் கொட்டு வாங்கினாள். அப்புறம் வீங்கிய கையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ரசித்தாள். பூச்சியியலுக்கு என்று ஒரு முழுத் துறையும், பூச்சிகளுக்கென்றே ஒரு தனிக் கட்டடமும் இருப்பது பெரிய இடத்தில் மட்டும்தான். வேறெங்கே விசாரித்தாலும் "மூணாவது வருஷம் ஒரு பாடம் வரும்" என்கிறார்கள்.

இடையில் வந்தது வினை. பதினொன்றாம் வகுப்பில் அவளுக்குக் குடல் அழற்சி. எட்டு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் இழுபறி. வகுப்பில் முதலாவதாக இருந்தவள் ஐம்பத்தெட்டு வாங்கினாள். உயிரோடு வந்தாளே, அதுவே போதும் என்று நாங்கள் மதிப்பெண்ணை மறந்தே போனோம். மறு வருஷம் உடம்பு தேறி, தொண்ணூற்றாறு வாங்கினாள். ஆனால் பெரிய இடத்துக்கு இரண்டு வருஷ மதிப்பெண்ணும் வேண்டும். நடுவில் விழுந்த பள்ளத்துக்கு விளக்கம் சொல்ல அவர்களே ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். நான் போன் செய்தேன்.

"வணக்கம், சூழ்நிலை விளக்கப் பிரிவு. உங்க சிரமம் எங்களுக்கு முக்கியம்," என்றது ஒரு பெண் குரல். "நோய் எப்ப சார் ஆரம்பிச்சுது?"

"பதினொண்ணாவது படிக்கும்போதும்மா. மழைக்காலத்துல."

"நோய் வர்றதுக்கு முப்பது நாள் முன்னாடி எங்களுக்குத் தெரியப்படுத்தினீங்களா?"

"வர்றதுக்கு முன்னாடி எப்படிம்மா தெரியும்?"

"அப்ப 'திட்டமிடாத நோய்'னு போட்டுக்கவா சார்?"

"போட்டுக்கோம்மா."

"அப்படிப் போட்டா, மாணவிக்குத் திட்டமிடும் திறன் குறைவுன்னு வந்துடும். பரவாயில்லையா?"

என் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இருபது வருஷமாக அதை மிதித்து மிதித்து, யாராவது பைத்தியக்காரத்தனமாக எதையாவது செய்தால் கால் என்னைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிடும். அன்று கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

"இப்ப உடம்பு எப்படி சார்?"

"முழுசா குணமாயிடுச்சும்மா."

"ஐயோ," என்றாள் அந்தப் பெண். நிஜமாகவே வருத்தப்பட்டாள். "முழுசா குணமாயிட்டா, அது ஒண்ணும் அவ்வளவு பெரிய நோய் இல்லைன்னு ஆயிடுமே சார். குணமாகலைன்னா பெரிய நோய்தான், ஆனா அப்ப படிக்கத் தகுதி இல்லைன்னு ஆயிடும்."

"பின்ன எப்படித்தான்மா இருக்கணும்?"

"குணமாகிக்கிட்டே இருக்கணும் சார்."

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். இதற்கெல்லாம் ஒருத்தர் இருக்கிறார், நோயைக் கட்டுரையாக்கிக் கொடுப்பார், அவர் கை பட்ட நோய் வீண்போனதே இல்லை என்றார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டுரைக்காரரின் அறை முழுக்க, அவரால் பெரிய இடத்துக்குள் போன பிள்ளைகளின் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, பெயருக்குப் பதிலாக வியாதி எழுதியிருந்தது.

"குடல்," என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கஷ்டம். இதயம்னா ஒரு அழகு இருக்கு. நுரையீரல்லகூட 'மூச்சு'ன்னு நாலு வரி எழுதிடலாம். குடலை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? சரி, சொல்லும்மா, இந்த நோய் உனக்கு என்ன கத்துக்குடுத்துச்சு?"

"எந்தெந்த இடத்துல டாய்லெட் இருக்குன்னு," என்றாள் மகள்.

அவர் பேனாவை மூடி வைத்தார். அப்புறம் பெருந்தன்மையோடு திறந்தார். "பரவாயில்லை. உனக்குப் பூச்சி பிடிக்கும்னு சொன்னாரே அப்பா. நீ ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருக்க. ஜன்னல்ல ஒரு எறும்பு ஏறுது, விழுது, மறுபடி ஏறுது. நீ பார்க்கிற. அன்னிக்குத்தான் உனக்குள்ள பூச்சியியல் பிறக்குது. எப்படி?"

"எனக்கு அஞ்சு வயசுலேர்ந்தே பூச்சி பிடிக்கும் சார். அதுவும் அது ஒன்பதாவது மாடி. ஜன்னலையே திறக்க மாட்டாங்க. எறும்பே இல்லை."

"கட்டுரைல ஏறும்மா எறும்பு."

"ஏறாது சார். அவ்வளவு மருந்து அடிக்கிற இடத்துக்கு எந்த எறும்பும் வராது. இதைப் படிக்கிற பூச்சி வாத்தியாருங்க சிரிப்பாங்க."

கட்டுரைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், இப்படி ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறீர்கள் என்ற கேள்வி இருந்தது. அவர் கட்டுரை எழுதவில்லை. அவளே எழுதினாள், நாலே வரி: உடம்பு சரியில்லை, பள்ளிக்கூடம் போக முடியவில்லை, இப்போது சரியாகிவிட்டது, பூச்சி படிக்க வேண்டும். ஆனாலும் பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்தது. நோயால் மதிப்பெண் குறைந்த எல்லோரையும் ஒரே நாளில் வரவழைத்து நேர்காணல் செய்வார்களாம். அந்த நாளுக்கு 'மீண்டெழுதல் நாள்' என்று பெயர்.

காத்திருக்கும் கூடம் ஜேஜே என்றிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "உங்க பொண்ணுக்கு என்ன?" என்று விசாரித்தார்.

"குடல்."

"எத்தனை ஆபரேஷன்?"

"ஆபரேஷன் இல்லைங்க. மருந்துலயே சரியாயிடுச்சு."

"அடடா," என்று அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "விடுங்க, மனசைத் தளர விடாதீங்க. எங்க பையனுக்கு ரெண்டு ஆபரேஷன். மூணாவதுக்குக் கேட்டுப் பார்த்தோம், டாக்டர் ஒத்துக்கலை."

எதிர் வரிசையில் ஒரு தகப்பனார் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார். அவர் மகன் பக்கத்தில் பந்து போல் உருண்டு திரண்டு, கன்னம் மினுமினுக்க உட்கார்ந்திருந்தான். "இவனுக்கு ஜலதோஷம்கூடப் பிடிச்சதில்லை சார்," என்றார் என்னிடம் தழுதழுத்து. "மார்க்கு தொண்ணூத்தொன்பது. எவன் சீட்டு குடுப்பான்? அழைப்பு இல்லாமலே கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். கொஞ்ச நேரம் மழையில நில்லுடான்னு கெஞ்சினேன். நின்னான். சளி பிடிக்கணுமே!" பையன் குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டான்.

நேர்காணல் ஐந்தாவது மாடியில். லிஃப்டைப் பூட்டியிருந்தார்கள். பழுதா என்று கேட்டேன். கையில் அட்டையும் பேனாவுமாக நின்ற மேற்பார்வையாளர் புண்பட்டுப் போனார்.

"எங்க லிஃப்ட் பழுதாகாது சார். நாங்கதான் நிறுத்தி வெச்சிருக்கோம். நோயாளிப் பிள்ளைங்கன்னு யாரையும் நாங்க குறைச்சு எடை போடறதில்லை. எல்லாரும் சமமா படி ஏறணும். நாங்க நின்னு மன உறுதியைப் பார்ப்போம்." காலில் மாவுக்கட்டோடு ஒரு பையன் முதல் படியில் நின்றிருந்தான். மேற்பார்வையாளர் அவனை வாஞ்சையோடு காட்டினார். "இதோ, இவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஏறிட்டார்னா."

என் மகள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். ஏறும்போதே அந்தப் பையனின் பையையும் வாங்கி மாட்டிக்கொண்டாள். மேற்பார்வையாளர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதியதை எட்டிப் பார்த்தேன்: 'மூச்சு வாங்கவில்லை. சிரமம் போதவில்லை.' நானோ நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்தே உடம்பைப் பெருக்கியவன். மூன்றாவது மாடியில் முட்டி கழன்றது, நான்காவதில் மூச்சு. ஐந்தாவது மாடியில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அறையின் குறுக்கே தடிமனான திரை. இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி, அதன் முன்னால் ஒரு மைக். அந்தப் பக்கம் குழு. பெயர், முகம், வயது எதையும் பார்த்துவிட்டால் பாரபட்சம் வந்துவிடுமாம், அதனால் திரை. நோயாளிப் பிள்ளைகளுக்கு மட்டும் துணைக்கு ஒருவர் வரலாம். உட்கார அவருக்கு ஏற்பாடு இல்லை.

"நீங்க உக்காருங்கப்பா, விழுந்துடப் போறீங்க," என்று மகள் என்னை நாற்காலியில் தள்ளினாள். அவள் பக்கத்தில் நின்றுகொண்டு மைக்குக்குக் குனிந்தாள்.

"வணக்கம், நாற்பத்தொண்ணாம் எண்," என்றது திரைக்கு அந்தப் பக்கமிருந்து குழுத் தலைவரின் குரல். "நாங்க மனுஷங்களை முழுசா பார்க்கிறவங்க. அதனாலதான் நடுவுல திரை போட்டிருக்கோம். மார்க்கை நாங்க பார்க்கிறதே இல்லை. அதாவது, தொண்ணூறுக்கு மேல எடுத்தவங்களோட மார்க்கை. சொல்லுங்க, உங்க நோய் உங்களுக்கு என்ன கத்துக்குடுத்துச்சு?"

"ஒண்ணும் கத்துக்குடுக்கலைங்க," என்றாள் மகள். "வயிறு வலிச்சுது. மருந்து சாப்பிட்டேன். சரியாயிடுச்சு."

அந்தப் பக்கம் யாரோ பெருமூச்சு விட்டார்கள். "ஏதாவது ஒரு உள்ளொளி?"

"குழாய்ல லைட் வெச்சு உள்ள விட்டுப் பார்த்தாங்க. அதுதான்."

காகிதத்தில் ஏதோ கிறுக்கும் சத்தம் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவுதான், என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மைக்கைப் பிடித்து இழுத்தேன்.

"என்னங்க ஒண்ணும் இல்லை? எப்படிங்க ஒண்ணும் இல்லை? முடியெல்லாம் கொத்துக் கொத்தா தலைகாணில கிடக்கும். காலையில யாரும் பார்க்கறதுக்கு முன்னாடி நான் பொறுக்கி எடுத்துடுவேன். டிரிப்ஸ் ஏறும்போதும் 'நாளைக்குப் பரீட்சை இருக்குல்ல'ங்கிற பேச்சு. ஒரு நாள் ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துது. பயிற்சிக் கார்ல இருந்தேன். நடு ரோட்டுல தேம்பித் தேம்பி அழுதேன். ஓட்டக் கத்துக்க வந்த மனுஷன் என்னைப் பத்திரமா ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விட்டார். அன்னிக்குத்தாங்க அவர் முதல் தடவையா ஒழுங்கா ஓட்டினார். என் பொண்ணுங்க, என் பொண்ணு..."

மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். திரைக்கு அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது, ஒருத்தர் இல்லை, பல பேர். வெளியே வரும்போது வாசலில் ஒருத்தி கேமராவோடு நின்றாள். "நாற்காலியில உக்காந்திருந்தது யாரு?" என்றாள். நான்தான் என்றேன். பளிச் என்று படம் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் தபாலில் அடையாள அட்டை வந்தது. அதில் என் முகம், மூச்சு வாங்கிச் சிவந்த முகம். கீழே 'பூச்சியியல், முதலாம் ஆண்டு'. கூடவே மகளுக்கு ஒரு துண்டுக் காகிதம்: 'நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவர்: சிரமம் போதவில்லை.'

மகள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என் மனைவி கதவுக்கு வெளியே நின்றாள், தட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்களை யாருங்க அங்க உக்காரச் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலையில் கார் வகுப்புகளை எல்லாம் தள்ளி வைத்துவிட்டுப் பெரிய இடத்துக்குப் போனேன்.

குழுத் தலைவர் நாற்காலிக்குள் பாதி புதைந்திருந்த சின்ன மனிதர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"தப்பு நடக்கலை சார். இங்க தப்பு நடக்க வழியில்லை."

"சார், நான் கரகரன்னு ஆம்பளைக் குரல்ல பேசினேனே?"

"குரலை வெச்சு ஆணா பெண்ணா, வயசு என்னன்னு கணிக்கிறது பாரபட்சம். அதைச் செய்யாம இருக்க எங்களுக்கு மூணு நாள் பயிற்சி குடுத்திருக்காங்க."

"'என் பொண்ணு, என் பொண்ணு'ன்னு சொன்னேனே?"

"அதை உருவகமா எடுத்துக்கிட்டோம். உங்களுக்குள்ள இருக்கிற குழந்தைன்னு. குழுவுல மூணு பேர் அந்த இடத்துலதான் அழுதாங்க."

"எனக்கு நாற்பத்தெட்டு வயசு சார். ஈயைக் கண்டா அடிக்கிறவன்!"

"எங்களுக்குப் பலவிதமான மாணவர்களும் வேணும்," என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், கொஞ்சம் யோசிங்க. எடுத்த ஒருத்தரைத் தப்பா எடுத்துட்டோம்னு சொன்னா, தள்ளினவங்க எல்லாரும் 'எங்களையும் தப்பாத்தானே தள்ளினீங்க'ன்னு வாசல்ல வந்து நிப்பாங்க. அப்புறம் நாங்க எல்லாரையும் திரும்பப் படிச்சுப் பார்க்கணும். முதல் தடவையே நாங்க முழுசா படிக்கலை."

என் கால் தரையை மிதித்த மிதியில் மேஜை மேலிருந்த தண்ணீர் டம்ளர் ஆடியது. "அப்ப என் பொண்ணு கதி? எட்டு மாசம் கட்டில்ல கிடந்தது உங்களுக்குச் சிரமமாத் தெரியலை. சரி, விடுங்க. அவளோட இடத்தைப் பெத்த அப்பனே உக்காந்து பறிச்சுக்கிட்டேனே, அதாவது சிரமமா தெரியுதா, இல்லை அதுவும் போதாதா?"

தலைவர் நாற்காலிக்குள்ளிருந்து நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க."

"பெத்த அப்பனே பறிச்சுக்கிட்டேன்னு சொன்னேன்."

அவர் கண் கலங்கியது. போனை எடுத்து இன்னும் இரண்டு பேரை வரச் சொன்னார். அவர்களிடமும் ஒருமுறை சொல்லச் சொன்னார், சொன்னேன். "நோய் யாருக்கு வேணா வரும்," என்றார் தலைவர் அவர்களிடம். "வருஷத்துக்கு ஆயிரம் நோய் பார்க்கிறோம், அலுத்துப்போச்சு. ஆனா தகப்பனே மகளோட சீட்டைத் தட்டிப் பறிக்கிறது... நம்ம இடத்தோட வரலாற்றிலேயே இல்லை!" அந்தச் சிரமம் நிரூபணமானால் சீட்டு தானாக அவள் பெயருக்கு மாறிவிடுமாம். அது தவறைத் திருத்துவது ஆகாதாம், மேல்முறையீடு ஆகுமாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நான் பொய் சொல்ல மாட்டேம்பா," என்றாள் மகள் எடுத்த எடுப்பில்.

"இதுல பொய் எங்கம்மா இருக்கு? உக்காந்தது நான்தானே?"

கொஞ்சம் யோசித்தாள். "ஆமால்ல," என்றாள்.

மறுபடியும் திரை. இந்த முறை நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். "சிரமத்தை இந்தப் பக்கம் கொண்டுவாங்க," என்று தலைவர் சொல்ல, என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் குழுவுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். ஐந்து பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு அம்மாள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"உங்க அப்பா உங்களுக்கு என்ன செஞ்சார்?"

"என் நாற்காலியில உக்காந்துட்டார்," என்றது திரைக்கு அப்பாலிருந்து என் மகளின் குரல்.

"ஐயோ," என்றார் நாற்காலியைத் தள்ளிப் போட்ட அம்மாள்.

"ஏன் அப்படிச் செஞ்சார்?"

"முட்டி வலி."

"இதுலேர்ந்து நீங்க என்ன கத்துக்கிட்டீங்க?"

அடியே, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"லிஃப்டைத் திறந்து விட்டிருந்தா இது எதுவுமே நடந்திருக்காதுன்னு கத்துக்கிட்டேன்," என்றாள்.

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தனிமனிதத் துயரத்தைத் தாண்டி அமைப்பையே பார்க்கிறாங்க," என்று ஒருவர் முணுமுணுத்தார். "இந்த வயசுல!" என்றார் இன்னொருவர். ஐந்து பேனாவும் ஒன்றாக எழுதின. லிஃப்டைத் திறப்பது பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக என்னிடம் ஒரு வாக்குமூலம் நீட்டினார்கள்: 'கீழே கையொப்பமிடும் நான், என் மகளின் வாழ்வில் ஒரு சிரமம் என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.' கல்யாணப் பதிவில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டதில்லை. முத்திரை குத்தி, ஒரு நகலை எனக்கும் கொடுத்தார்கள். மகள் கையில் சேர்க்கைக் கடிதம்.

படி இறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "எட்டு மாசம் அவ்வளவு பட்டியேம்மா. அது ஒண்ணுக்கும் ஆகலை பாரு. நான் பத்து நிமிஷம் உக்காந்தது செல்லுபடியாயிடுச்சு," என்றேன்.

"அது நல்லதுதாம்பா," என்றாள். "அது என் வயித்துவலி. அதை எதுக்கு இவங்களுக்குக் குடுக்கணும்?"

சொல்லிவிட்டு, பூச்சிக் கட்டடம் எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டு ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அங்கேயே நின்று, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி சேர்க்கைக் கடிதத்தைப் படித்துவிட்டு மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் வாக்குமூலத்தின் நகலை எடுத்தாள். அதை இரண்டு தடவை படித்தாள். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதைத்தாங்க நான் இருபது வருஷமா வாயால சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றாள். "யாரும் எழுதிக் குடுக்கலை."